மிதுஷாவின் படத்துக்கு நான் போட்ட கைகள்

போன வாரம் நிரோஷா தொலைபேசியில் அழைத்தாள். வெள்ளவத்தை முன்பள்ளியில் எனக்கு உதவி ஆசிரியையாக இருந்தவள். இப்போது அவளே புதிய ஆசிரியைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறாள்.

"டீச்சர், ஒரு சின்ன உதவி. சின்னப் பிள்ளையளுக்கு ஆள் படம் கீறப் பழக்கிறதைப் பற்றி ஒரு வீடியோ தருவீங்களா? அஞ்சு ஸ்டெப். ரெண்டு நிமிஷம் காணும்."

"என்ன அஞ்சு ஸ்டெப்?"

"தலை, உடம்பு, கை, கால், முகம். இப்ப எல்லா இடத்திலையும் அப்பிடித்தான் டீச்சர். பேரன்ட்ஸ் குரூப்பிலை படம் போடேக்கை வடிவா இருக்கவேணும்தானே. வடிவில்லாட்டி நாங்கள் போனிலையே கொஞ்சம் சரிசெய்து போட்டிடுவம்."

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனிதனைக் கடிக்க வந்த கதை இதுதான். எங்கள் காலத்தில் பிள்ளையின் படத்தில் கை வைக்க ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் முழுவதும் தேவைப்பட்டது. இப்போது பஸ்ஸில் வரும்போதே அந்த அநியாயத்தைச் செய்து முடிக்கலாம் போலிருக்கிறது. நான் அவளைத் திட்டிவிட்டேன். அவள் "சொறி டீச்சர்" என்றாள். திட்டி முடித்த பிறகுதான், அவளுக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே நிரோஷா, இரண்டு நிமிடத்தில் முடியாது. இருந்து வாசி.

முப்பத்தொரு வருடம் சிறு பிள்ளைகளோடு இருந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வருடம், சனிக்கிழமைகளில் வகுப்பு, வாயில் நுழையாத சொற்கள், கடைசியில் ஒரு சான்றிதழ். உண்மையான பயிற்சி கொட்டாஞ்சேனையில் கிடைத்தது. கோவில் மண்டபம் ஒன்றில் நடந்த பாலர் வகுப்பு அது. துறைமுகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், கடைக்காரர்களின் பிள்ளைகள், பக்கத்து ஒழுங்கை முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். கடதாசி அருமையாகத்தான் கிடைக்கும். அதனால் களிமண்ணில் தொடங்கினேன்.

கிராண்ட்பாஸில் பூச்சாடி விற்கும் ஒரு கிழவரிடம் களிமண் வாங்குவேன். முதல் நாள் அவர் சிங்களத்தில் கேட்டார், "மொகடத டீச்சர் மெட்டி?" களிமண் எதற்கு என்றார். "மினிஸ்ஸு ஹதன்ன," மனிதர் செய்ய என்றேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் இன்று எத்தனை பேரைச் செய்தீர்கள் என்றுதான் கேட்பார்.

களிமண் ஆள் நிற்காது. அதுதான் அதன் பெருமை. மெல்லிய கால் வைத்தால் பொத்தென்று விழும். "விழுந்துக்கிட்டே இருக்கான் டீச்சர்" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நான் தூக்கி நிறுத்த மாட்டேன். எழுந்து ஒற்றைக் காலில் நின்று பார் என்பேன். நிற்பார்கள், ஆடுவார்கள், விழுவார்கள். பிறகு போய்க் காலைத் தடிப்பாக்குவார்கள். ஒருத்தன் ஆளை இருத்திவிட்டான். இன்னொருத்தி சுவரில் சாய்த்துவிட்டு, "இவருக்கு வேலை முடிஞ்சு களைப்பு" என்றாள். எல்லாமே சரியான விடைகள்.

தோளில் இருந்து கை தொடங்குகிறது என்பதையும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குத் தலையில் இருந்துதான் கை முளைக்கும். கண்ணை மூடிப் பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பிடிக்கச் சொல்வேன். அங்கிருந்து மெல்ல மெல்ல மேலே தடவிக்கொண்டு போ, கை எங்கே முடிகிறது என்று சொல் என்பேன். கூச்சத்தில் மண்டபமே சிரிப்பாகும். அடுத்த நாள் பாதிப் பேருடைய களிமண் ஆட்களுக்குக் கை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். மற்றப் பாதிக்கு இறங்காது, அடுத்த மாதம் இறங்கும். சோடா மூடி, சிரட்டைத் துண்டு, ஈர்க்கு, ஐஸ்பழக் குச்சி எல்லாம் கூடையில் கிடக்கும். எதை எங்கே வைப்பது என்பது அவர்கள் பாடு.

பிள்ளையிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இது என்ன" என்று கேட்க மாட்டேன், அது பொலிஸ் விசாரணை மாதிரி. "எங்கே மூக்கு" என்றும் கேட்க மாட்டேன். "இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்பேன். இதற்கு விடை சொல்லும்போதே பிள்ளைக்கு என்ன குறைகிறது என்று தெரிந்துவிடும். பந்து அடிக்கிறார் என்றால் கால் வேண்டும். பாடுகிறார் என்றால் வாய் வேண்டும். வேண்டியதை அதுவே தேடி வைக்கும்.

அந்த மண்டபத்தைத் திருத்த எடுத்தார்கள், வகுப்பு நின்றது. நான் வெள்ளவத்தைக்குப் போனேன். கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் உள்ள முன்பள்ளி. வாசலில் இருந்து நாலு அடி வைத்தால் வாகனங்கள் இரையும் காலி வீதி. அங்கே அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துபோனேன். மறந்தேன் என்பதும் பொய். கேட்க நேரம் இல்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அங்கே ஒரு படிவம் இருந்தது. தலை, கண், மூக்கு, வாய், காது, கழுத்து, உடம்பு, கை, விரல், கால் என்று பத்துக் கட்டங்கள். தவணைக்கு ஒரு தடவை பிள்ளை ஒரு ஆளை வரையவேண்டும், நாங்கள் எண்ணிச் சரி போடவேண்டும். மீன் கடையில்கூட இப்படித் தலை வேறு, துண்டு வேறு என்று எண்ண மாட்டார்கள்.

எங்கள் அதிபரை எல்லோரும் மேடம் என்போம். ஒருநாளும் குரலை உயர்த்தாதவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கும் கண்ணாடி. ஏதும் பிழையான வேலை செய்விக்க வேண்டுமென்றால் "பிலோமினா, நீங்கள் கெட்டிக்காரி, உங்களுக்கு விளங்கும்" என்று தொடங்குவார். நாங்கள் மறுத்துக் கதைத்தால் பதில் சொல்ல மாட்டார். எங்கள் மேசையில் கிடக்கும் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்து, கூரெல்லாம் ஒரே பக்கம் வர அடுக்குவார். கடைசிப் பென்சில் அடுக்கி முடியும்போது நாங்கள் சம்மதித்திருப்போம். சத்தம் போடும் அதிபரோடு சண்டை பிடிக்கலாம். பென்சில் அடுக்குபவரோடு என்ன செய்வது?

வருடக் கடைசியில் கண்காட்சி. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கு எங்களுக்குள் "டச்-அப்" என்று பெயர். பிள்ளைகள் போன பிறகு ஆசிரியைகள் வட்டமாக இருப்போம். தேநீரும் ரோல்ஸும் வரும். பிள்ளைகளின் படங்களை நடுவில் பரப்பி, காது இல்லாதவனுக்குக் காது, கழுத்து இல்லாதவளுக்குக் கழுத்து என்று போட்டுக்கொண்டே போவோம். கோடு நேராக வந்தால் பெற்றோர் பிடித்துவிடுவார்கள் அல்லவா? அதனால் இடது கையால் போடவேண்டும் என்பது மேடத்தின் விதி. இடது கைக் கோடு நடுங்கும், பிள்ளை போட்டது மாதிரி இருக்கும். படித்த பெண்கள் ஏழு பேர் இடது கையில் மார்க்கரைப் பிடித்துக்கொண்டு நடுக்கம் பழகியதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று நாங்கள் சிரித்துக்கொண்டுதான் செய்தோம். யாருடைய நடுக்கம் வடிவு என்று போட்டி வேறு.

மிதுஷா என்ற பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது நிரம்பும் தறுவாய். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடங்களுக்கு முந்திய கதை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பன் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை, தாய் வங்கியில். வீட்டில் ஒரே பிள்ளை. அவள் வரையும் ஆட்களுக்குப் பெரிய தலை, நீண்ட கால், சட்டையில் பூக்கள், காலில் செருப்பின் வார் வரைக்கும் இருக்கும். கை மட்டும் இருக்காது. ஒருவருக்கும் இல்லை. மூன்று தவணையும் படிவத்தில் கைக்கும் விரலுக்கும் நேரே வெற்றுக் கட்டம். நானே வெற்றாக விட்டேன், ஏன் என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்காமல்.

டச்-அப் வெள்ளிக்கிழமை அவளுடைய படம் என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, அவள், மூவரும் பஸ் தரிப்பில் நிற்கிறார்கள். மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்று, "பிலோமினா, நீங்கள் கெட்டிக்காரி. தாய் தகப்பன் வந்து பாத்தா என்ன நினைப்பினம்?" என்றார். நான் மார்க்கரை இடது கைக்கு மாற்றினேன். மூன்று பேருக்கும் ஆறு கைகள் போட்டேன், ஒவ்வொன்றுக்கும் விரல்களும் போட்டேன்.

கண்காட்சி அன்று மிதுஷா தன் பெயர் எழுதிய படத்தின் முன்னால் வந்து நின்றாள். தாய் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "கிட்டப் போய் நில்லுங்கோ, போட்டோ எடுப்பம்" என்றார்.

"இது என்ரை இல்லை."

"உங்கடை பேர் கிடக்குதானே, பாருங்கோ."

"இது என்ரை இல்லை, அம்மா. நான் இப்பிடிக் கோணலாக் கீறமாட்டன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, சுட்டது. ஆனாலும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவள் வரையவில்லை. கடதாசி கொடுத்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வாள். அழ மாட்டாள், அடம் பிடிக்க மாட்டாள். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்றாவது வாரமும் அதே கதை. தை மாதம் முதலாம் ஆண்டில் சேர, அவளுக்குத் தனியார் பாடசாலை ஒன்றில் நேர்முகம் இருந்தது. முன்பள்ளி அறிக்கையைக் கொண்டு போகவேண்டும். மேடம் எழுதி வைத்திருந்த அறிக்கையை என்னிடம் ஒப்பத்துக்குத் தந்தார். "மனித உருவம் வரையும் திறன் வயதுக்கேற்ப வளரவில்லை. அறிவுறுத்தலுக்கு ஒத்துழைக்க மறுக்கிறாள். மேலும் ஒரு வருடம் முன்பள்ளியில் இருப்பது நல்லது." வகுப்பாசிரியை என்ற இடத்தில் என் பெயர் தட்டச்சாகி இருந்தது.

பிள்ளையின் படத்தைப் பழுதாக்கியவர்கள் நாங்கள். அது வாய் திறந்து உண்மையைச் சொன்னது. அதற்குத் தண்டனை ஒரு வருடம்! நான் ஒப்பமிடவில்லை. எதிர்த்துக் கதைக்கவும் இல்லை. இரண்டு நாள் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். மேடம் பென்சில்களை அடுக்கிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில் கிராண்ட்பாஸில் இறங்கினேன். பூச்சாடிக் கிழவர் இல்லை, மகன் இருந்தார். களிமண் வாங்கினேன். வெள்ளவத்தையில் களிமண் ஊத்தை என்று தடை. அடுத்த நாள் பழைய பேப்பர் விரித்து, பின் விறாந்தையில் மிதுஷாவுக்குப் பக்கத்தில் நானும் தரையில் சப்பாணி கட்டி இருந்தேன். மண்ணை எடுத்து உருட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய கை மேசைக்குக் கீழே ஒளித்த பழக்கத்தை மறந்து, தானாக மண்ணைப் பிசையத் தொடங்கியது.

இரண்டு ஆட்களைச் செய்தாள். ஒருவருக்குக் கை இருந்தது! தடித்த ஒற்றைக் கை, நுனியில் ஒரு சோடா மூடி. மற்றவருக்கு இல்லை. எத்தனையோ வருடம் கொட்டாஞ்சேனையில் கேட்ட கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"இவர் என்ன செய்யிறார்?"

"சந்தையாலை பை தூக்கிக்கொண்டு வாறார்."

"மற்றவ?"

"அவ பஸ்ஸுக்கு நிக்கிறா."

"அவவுக்குக் கை?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சும்மாதானே நிக்கிறா டீச்சர். கை என்னத்துக்கு?"

இவ்வளவுதான் விஷயம். கையால் ஒன்றும் செய்யாதவருக்குக் கை போடுவதில்லை. மூன்று தவணை, பத்துக் கட்டம், ஓர் அறிக்கை, ஏழு ஆசிரியைகள். ஒருத்தி கேட்டிருந்தால் போதும்.

"மிதுஷா, உங்கடை படத்திலை கை போட்டது நான்தான். அது பிழை."

"ஏன் போட்டனீங்கள்?"

மேடம் சொன்னவ என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "ஆக்கள் பாத்துப் பகிடி பண்ணுவினம் எண்டு பயந்திட்டன்."

"ஒருத்தரும் பண்ணேல்லையே, நீங்கள் கை போட்டாப் பிறகுதானே சிரிச்சவை," என்றாள்.

பிறகு எழுந்து போய்த் தானே ஒரு கடதாசியும் கறுப்புக் கிரேயனும் எடுத்து வந்தாள். அரை மணித்தியாலம் வரைந்தாள். பெரிய கண்ணாடி, உச்சியில் கொண்டை, என்னைத்தான். தோள் எங்கே இருக்கவேண்டுமோ அங்கிருந்து ஒரு நீண்ட கை புறப்பட்டது. ஐந்து விரல், ஐந்து நகம். விரல்களுக்கு நடுவே ஒரு தடித்த மார்க்கர். மார்க்கரின் நுனி ஒரு சிறிய சதுரத்தில் குத்திக்கொண்டு நின்றது. சதுரத்துக்குள் மூன்று ஆட்கள், கையில்லாமல்.

"டீச்சர் என்ன செய்யிறா?" என்று கேட்டேன்.

"என்ரை படத்தைப் பழுதாக்கிறா."

அடுத்த நாள் தாயையும் தகப்பனையும் மேடம் அழைத்திருந்தார். நானும் கூப்பிடப்பட்டேன், ஒப்பமிட. மேடம் அறிக்கையை மெல்லிய குரலில், மருந்து எழுதிக் கொடுக்கும் டொக்டர் மாதிரி வாசித்தார். தாய் கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். தகப்பன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார்.

"நாங்கள் வீட்டிலை பழக்காமல் இல்லை மேடம். நான் ஒவ்வொரு நாளும் இருத்தி வைச்சு, கை மட்டும் கீறு எண்டு கொப்பியும் குடுத்தனான். கோடு கீறுற அடிமட்டத்தாலை கையிலை ரெண்டு தட்டும் தட்டினனான். அவ மாட்டன் எண்டு நிக்கிறா."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மீதல்ல, முதலில் என் மீது. என்னுடைய ஆறு கைகளுக்காக அந்தப் பிள்ளையின் கையில் அடி விழுந்திருக்கிறது.

"அவவுக்குக் கீறத் தெரியும்," என்றேன். "கண்காட்சியிலை வைச்ச படத்திலை கை போட்டது நான். இந்தப் பள்ளிக்கூடத்திலை எல்லாப் படத்துக்கும் நாங்கள் அப்பிடித்தான் செய்யிறனாங்கள். உங்கடை பிள்ளை அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னவ. அதுக்குப் பிறகுதான் கீறுறதை விட்டவ."

"பிலோமினா," என்றார் மேடம். குரல் உயரவில்லை. கை பென்சில்களுக்குப் போனது. நான் படத்தை எடுத்துப் பென்சில்களுக்கு மேலேயே விரித்தேன்.

தகப்பன் குனிந்து பார்த்தார். "இது ஆர்?"

"நான்."

"இந்தக் கையிலை?"

"மார்க்கர். உங்கடை மகளின்ரை படத்தைப் பழுதாக்கிறன். விரலை எண்ணிப் பாருங்கோ."

அவர் உண்மையாகவே சுட்டு விரலை வைத்து எண்ணினார். மேடம், "இப்பிடியான படத்தையெல்லாம் நாங்கள் பைலிலை போடேலாது," என்றார். "அப்ப அந்த அறிக்கையையும் போடாதேங்கோ," என்றார் தகப்பன்.

புது அறிக்கை எழுதப்பட்டது. மிதுஷா தை மாதம் முதலாம் ஆண்டுக்குப் போனாள். அடுத்த வருடம் எனக்கு வகுப்புத் தரப்படவில்லை. புத்தக அலுமாரியும் வரவுப் பதிவும் பார்த்துக்கொண்டு ஓய்வுக்கு வந்தேன். டச்-அப் நிற்கவில்லை. மற்றப் பெற்றோர் ஒருவருக்கும் நான் வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வெள்ளவத்தை மாடி வீடுகளின் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கும் படங்களில் என் இடது கை இன்னும் இருக்கிறது. ஒருத்திக்காக வீரம் காட்டினேன், முப்பது பேர் விஷயத்தில் கோழையாக இருந்தேன். என்னைப் பாராட்ட ஒன்றுமில்லை நிரோஷா.

உன் ஐந்து படிகளுக்குப் பதிலாக, அன்று அந்த அறைக்கு வெளியே நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதை உன் வகுப்பில் சொல்.

மிதுஷா விறாந்தை வாங்கில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். தகப்பன் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். என்னிடம் ஒரு கடதாசி கேட்டு வாங்கினார். "அப்பாவையும் அம்மாவையும் ஒருக்கால் கீறுங்கோ பாப்பம். உங்களுக்கு விருப்பமான மாதிரி," என்றார்.

அவள் உடனே வரைந்தாள். இந்தத் தடவை அப்பாவுக்குக் கை இருந்தது. அவருடைய உடம்பைவிட நீளமான கை. அதன் நுனியில் ஒரு அடிமட்டம். அதில் சின்னச் சின்னக் கோடுகளும் இருந்தன, ஒன்றையும் விடவில்லை. தகப்பன் அதைப் பார்த்தபடியே இருந்தார், எழும்பவில்லை.

தாய்தான் மெல்லக் கேட்டார். "அம்மாவுக்குக் கை போடேல்லையோ, குஞ்சு?"

மிதுஷா தலையை நிமிர்த்தாமல் அம்மாவின் சட்டைக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா சும்மாதானே நிண்டவ," என்றாள்.